ஃபைலுக்கு முன்னால் வகுப்பறை: ஒரு பட்டப்படிப்பின் தரத்தைக் காக்கத் துறைத்தலைவருக்கு ஒரு முழு வழிகாட்டி

கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வருவதற்கு முந்தின இரவு, மணி ஒன்பதரை. நான் ஒரு மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மீட்டிங் நடக்கவே இல்லை. மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு தேதியைப் போட்டு, அப்போது துறையில் யார் யார் இருந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து, 'மெதுவாகக் கற்கும் மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்தத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். ஆபீஸ் அக்கா பஞ்சிங் மெஷினோடு பக்கத்தில் நின்றார். "சார், கையெழுத்துக்குப் பேனாவ மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. எல்லாம் ஒரே மையில இருக்கு" என்றார். அவருக்கு இதில் அனுபவம் அதிகம்.

அந்தச் சிறப்பு வகுப்பு உண்மையிலேயே நடந்திருந்தால் தேறியிருக்கக்கூடிய பையன் ஒருவன், அதே வாரம், அதே தாளுக்கு மூன்றாவது முறையாக சப்ளி (மறுதேர்வு) ஃபீஸ் கட்டிவிட்டுப் போனான்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். பாலக்காடு மாவட்டம், சித்தூர்ப் பக்கம், எல்லையோரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சித்தூர் என்றதும் ஆந்திரத்துச் சித்தூர் நினைவுக்கு வருகிறவர்களும் படிக்கலாம். அங்கேயும், நகரி, குப்பம் பக்கமும், தமிழ் பேசும் பிள்ளைகள் வேறொரு மொழியில் பாடம் கேட்கிறார்கள். நான் மலையாளம் என்று எழுதும் இடத்தில் தெலுங்கு என்று போட்டுக்கொண்டால் பாதிக்கு மேல் பொருந்தும்.

நான் பொருளாதாரத் துறையில் இருந்தவன். பிறகு துறைத்தலைவராகவும் உள்தர உறுதிப்பாட்டுக் குழுவின், அதாவது ஐகியூஏசியின், ஒருங்கிணைப்பாளராகவும் சில ஆண்டுகள் ஓடின. இப்போது யாராவது தரம், தரக்காப்பு என்று ஆரம்பித்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: போன ஆண்டு வகுப்பில் எது சரியில்லை என்று கண்டீர்கள், அதனால் இந்த ஆண்டு எது மாறியது? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத துறையில் எத்தனை ஃபைல் இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அந்த ஒரு வரியைச் சம்பாதிக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில், கேட்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நாக் 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய அமைப்பு, தலைமையகம் பெங்களூரு. ஏழு அளவுகோல்கள்: பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பீடும், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகமும் தலைமையும், விழுமியங்களும் சிறந்த நடைமுறைகளும். ஆண்டுதோறும் ஆண்டுத் தர அறிக்கை அனுப்ப வேண்டும். 4-க்கு எத்தனை புள்ளி என்பதை வைத்து எழுத்துத் தரம் கொடுத்து வந்தார்கள், 3.51 எட்டினால் ஏ பிளஸ் பிளஸ். முன்னாள் இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு இந்த எழுத்துகளை விட்டுவிட்டு 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்ற இருநிலைக்கும், அதற்கு மேல் ஐந்து முதிர்ச்சி நிலைகளுக்கும் போகச் சொன்னது. பொறியியல் பக்கம் என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியம், தனி. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆனதிலிருந்து அவர்கள் கற்றல் விளைவுக் கணக்கில் மிகக் கறார். கேரளத்தில் இவற்றோடு மாநில அளவிலான மதிப்பீடும் தரவரிசையும் சேர்ந்துகொண்டன.

இவர்கள் எல்லோரும் படிவத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பயிற்சி முகாம், ஒரு பேக், ஒரு மதியச் சாப்பாடு உண்டு. போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆனால் படிவம் எப்படி மாறினாலும் அடியில் இருக்கும் கேள்வி மாறுவதில்லை: பிள்ளைக்கு என்ன வரும் என்று சொன்னீர்கள், அது வந்ததா, வராவிட்டால் என்ன செய்தீர்கள்?

படி 1: இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

நாற்காலியில் உட்கார்ந்ததும் கை துறுதுறுக்கும். புது டைம்டேபிள், புது வாட்ஸ்ஆப் குழு, புது போர்டு. பொறுங்கள். இந்த இரண்டு வாரத்தில் மூன்று விஷயங்களைக் கையில் எடுங்கள்.

ஒன்று, கடைசி மூன்று ஆண்டுத் தேர்வு முடிவு, தாள் வாரியாக. மொத்தத் தேர்ச்சி விகிதம் பயன்படாது. 'எழுபத்தெட்டு சதவீதம்' என்று போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரே ஒரு தாள் வகுப்பில் பாதியை விழுங்கியிருக்கும். இரண்டு, வருகைப் பதிவேடு. யார் வரவில்லை என்பதை விட, எந்தக் கிழமை, எந்தப் பீரியட் என்று பாருங்கள். மூன்று, பிள்ளைகள் எந்த ஊரிலிருந்து, எந்த மீடியத்தில் படித்துவிட்டு வருகிறார்கள் என்ற பட்டியல். சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கும், யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

எங்கள் துறையில் இந்த மூன்றையும் ஒரே மேஜையில் பரப்பிய அன்றைக்குத்தான், அகமதிப்பீட்டுத் தேர்வுகளில் ஏழெட்டுப் பேர் எப்போதும் கடைசிக் கேள்வியை எழுதாமல் விடுவது தெரிந்தது. தேர்வு மதியம் கடைசி இரண்டு பீரியட். அந்த ஏழெட்டுப் பேரும் கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம். மூன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்து ஐந்தரைக்குத்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தியும் அதில் இருந்தாள். "ஏம்மா எழுதல?" என்று கேட்டேன். "தெரியும் சார். பஸ் போயிரும்" என்றாள். தேர்வைக் காலைக்கு மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை, எந்தக் குழுவின் அனுமதியும் தேவைப்படவில்லை.

படி 2: இந்தப் படிப்பு முடித்தவனுக்கு என்ன செய்ய வரும் என்று எழுதுங்கள்

இதைத்தான் படிப்பின் விளைவு, பாடத்தின் விளைவு என்கிறார்கள். பி.ஓ., சி.ஓ. என்றால்தான் காலேஜில் எல்லோருக்கும் புரியும். பாடத்திட்டத்தில் பல்கலைக்கழகமே அச்சடித்துக் கொடுத்திருக்கும். அதில் 'அறிவார்', 'புரிந்துகொள்வார்', 'விழிப்புணர்வு பெறுவார்' என்ற சொற்கள் நிறைய வரும். விழிப்புணர்வுக்கு எப்படி மார்க் போடுவது? அமெரிக்கக் கல்வியாளர் புளூம் 1956-இல் முன்வைத்து 2001-இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டை எல்லோரும் பவர்பாயிண்டில் பார்த்திருப்போம்: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். அதன் உபயோகம் எளிது. வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பார்த்தால், அதை எப்படிச் சோதிப்பது என்று தெரிய வேண்டும்.

எங்கள் பாடம் ஒன்றில் இருந்தது: 'உள்ளாட்சி நிதி பற்றிய அறிவைப் பெறுவார்.' நாங்கள் துறைக்குள் அதை இப்படி விரித்தோம்: 'ஒரு கிராமப் பஞ்சாயத்தின் பட்ஜெட்டைப் படித்து, வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொது நோக்க நிதி மூன்றையும் பிரித்துக் காட்டி, எது எங்கே செலவாகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுவார்.' கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து பஞ்சாயத்துக் கையில் உண்மையாகவே பணம் புழங்குகிறது. வடகரபதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று சுற்றிலும் பஞ்சாயத்துகள். பிள்ளைகளின் அம்மாக்களில் சிலர் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பில் இருக்கிறார்கள், கிராம சபைக்குப் போகிறார்கள். அந்த ஆவணத்தைக் கொண்டு வரச் சொன்னால் கொண்டு வருவார்கள்.

இதையே புறவிளைவுகள், அதாவது ஒருவர் செய்வதன் பாதிப்பு மற்றவர் தலையில் விழுவது, என்ற பாடத்துக்கும் சொல்வேன். ஆலையின் புகை, சலவைக்காரரின் வெள்ளைத் துணி என்று எங்கோ ஒரு நாட்டு உதாரணத்தைப் பல தலைமுறையாக நடத்தி வந்தோம். பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடை எங்களுக்கு டவுன் பஸ் தூரம். 2000-இல் வந்த கோகோ கோலா ஆலை, கிணறுகள் கெட்டுப் போனதாக எழுந்த போராட்டம், 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004-இல் ஆலை நின்றது. இத்தனையும் நடந்த ஊர்ப் பிள்ளை எங்கள் வகுப்பில் உட்கார்ந்து சலவைக்காரர் உதாரணத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். யாரைக் குறை சொல்ல? நடத்தியது நான்தான்.

பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இணைப்புக் கல்லூரிக்கு சிலபஸை மாற்ற அதிகாரம் இல்லையே என்பார்கள். உண்மை. ஆனால் இருக்கும் இடத்தை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதும் உண்மை. 2024-இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தபோது (மூன்றாண்டில் வெளியேறினால் 133 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 177) ஆசிரியரே நிரப்பிக்கொள்ளும் பகுதியையும் வைத்தார்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் நான்கு கிரெடிட் பாடத்தின் 60 மணியில் 12 மணி அப்படித் திறந்து விடப்பட்டிருக்கிறது. பஞ்சாயத்து பட்ஜெட்டும் பிளாச்சிமடையும் ஆழியாற்றுத் தண்ணீரும் அந்தப் பன்னிரண்டு மணிக்குள் வசதியாக உட்காரும். நம் பக்கம் அந்த 12 மணியைப் பெரும்பாலும் 'ரிவிஷன்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

படி 3: எந்தப் பாடம் எந்த விளைவுக்கு என்று ஒரு அட்டவணை

ஒரு பக்கம் பாடங்கள், மறுபக்கம் படிப்பின் விளைவுகள், நடுவே தொடர்பு எவ்வளவு என்பதற்கு 1, 2, 3. ஒரு மதியத்தில் முடிகிற வேலை. எல்லாக் கட்டத்திலும் 3 போட்டிருந்தால் யாரோ தூக்கக் கலக்கத்தில் நிரப்பியது என்று பொருள். காலியாக இருக்கும் நிரலைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் அட்டவணையில் 'எழுத்தில் தன் வாதத்தை முன்வைப்பார்' என்ற விளைவுக்கு மூன்றாண்டிலும் எந்தப் பாடமும் பொறுப்பில்லை. அதை எல்லோரும் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தோம். அவர்கள் நாங்கள் பார்ப்போம் என்று விட்டிருந்தார்கள்.

படி 4: விடைத்தாளைக் கையில் எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று முடிந்ததும், மொத்த மார்க்கைப் பார்க்காமல் கேள்வி வாரியாக ஒரு எக்செல் போடுங்கள். 48 பேர் வகுப்பு என்றால் 48 வரிசை, கேள்விக்கு ஒரு நிரல். இதிலிருந்து இரண்டு எண் எடுக்கலாம்.

முதல் எண், எளிமை. ஒரு கேள்வியில் பாதிக்கு மேல் மார்க் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, 48-ஆல் வகுங்கள். 0.9 வந்தால் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி, 0.2-க்குக் கீழே வந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

இரண்டாவது எண், பிரித்துக் காட்டும் திறன். மொத்த மார்க்கில் மேலே இருக்கும் 27 சதவீதம் பேரையும் கீழே இருக்கும் 27 சதவீதம் பேரையும் தனியாக எடுங்கள். 48-க்கு 13, 13 பேர். மேலே 13-இல் 9 பேரும் கீழே 13-இல் 8 பேரும் அந்தக் கேள்வியைச் சரியாக எழுதியிருந்தால், 9 கழித்தல் 8, வகுத்தல் 13, அதாவது 0.08. படித்தவனையும் படிக்காதவனையும் அந்தக் கேள்வி பிரிக்கவில்லை. 0.3-க்கு மேல் வந்தால் நல்ல கேள்வி. எதிர்மறையாக வந்தால், அதாவது படிக்கிற பிள்ளைகள் தவறவிட்டுக் கடைசி வரிசை சரியாக எழுதியிருந்தால், கேள்வியின் வாசகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் குழப்பம் அதில்தான் இருக்கும்.

இனி எங்களுக்கு நடந்தது. முதலாண்டு நுண்பொருளியல். தேவையின் நெகிழ்ச்சி பற்றிய கேள்வியை 48-இல் 9 பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள், 0.19. பாடம் எடுத்த டீச்சர் ஒன்றாந்தரமான ஆசிரியர். இங்கிலீஷ் கஷ்டமாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்காக இறங்கி வந்து மலையாளத்தில் விளக்குவார். "படிச்சிட்டு வர்றதே இல்ல சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், மதிப்பெண்ணைப் பார்க்காமல், தவறாக எழுதிய 39-ஐ மட்டும் வாசித்தேன். ஒரு தாளின் கடைசிப் பக்கத்தில், ரஃப் வொர்க் போடும் இடத்தில், தமிழில் கிறுக்கியிருந்தது: 'விலை ஏறினா தக்காளி வாங்குறது கொறையும், உப்பு கொறையாது.' நெகிழ்ச்சி என்றால் அவ்வளவுதான். இதை விடப் பொருத்தமாக நானே சொல்ல மாட்டேன். ஆனால் அதே பையன் உள்ளே கேள்விக்குக் கீழே எழுதியிருந்தது, சோதனை முறை பற்றி ஏதோ நாலு வரி.

மறுநாள் கூப்பிட்டேன். எருத்தேம்பதிப் பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "டீச்சர் சோதனம், சோதனம்னு சொன்னாங்க சார். நான் லேப்ல பண்ற மாதிரி ஏதோன்னு நெனச்சேன்."

மலையாளப் பாடநூல் வழக்கில் 'சோதனம்' என்றால் தேவை, அதாவது டிமாண்ட். அளிப்புக்கு, அதாவது சப்ளைக்கு, 'பிரதானம்'. தமிழ்க் காதுக்கு முதலாவது சோதனை, இரண்டாவது முக்கியம். டீச்சர் அன்போடு 'சோதனமும் பிரதானமும்' என்று ஒரு மணி நேரம் நடத்தியிருக்கிறார். தமிழ்ப் பிள்ளைகள் ஏதோ முக்கியமான பரிசோதனை என்று ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். கேட்கக் கூச்சம். மலையாளம் தெரியாது என்று காட்டிக்கொள்ள யாருக்கும் பிடிக்காது.

இதை எந்த ஃபீட்பேக் படிவமும் கண்டுபிடித்திருக்காது. டீச்சர்தான் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. அவரே உட்கார்ந்து நாற்பது சொற்களுக்கு ஆங்கிலம், மலையாளம், தமிழ் மூன்றும் பக்கம் பக்கமாக ஒரு தாள் தயாரித்தார். தமிழ்த் துறையில் சரிபார்த்து வாங்கினோம். சாதாரண ஜெராக்ஸ் தாள், வகுப்புச் சுவரில் ஒட்டினது. அடுத்த ஆண்டு 51 பேர் வகுப்பில் அதே மாதிரிக் கேள்வியை 27 பேர் சரியாக எழுதினார்கள், 0.53. முழுக்க அந்தத் தாளால்தான் என்று சொல்ல மாட்டேன், அது வேறு வகுப்பு. ஆனால் நான் ஆரம்பத்தில் சொன்ன ஒரு வரிப் பதில் எங்களுக்கு முதல்முறையாகக் கிடைத்தது அப்போதுதான்.

படி 5: நடந்த மணிகளை எண்ணுங்கள்

ஒரு கிரெடிட் என்றால் பதினைந்து வாரத்துக்கு வாரம் ஒரு மணி வகுப்பு. நான்கு கிரெடிட்டுக்கு 60 மணி. டைம்டேபிளில் 60 இருக்கும். நடந்தது எத்தனை? ஹர்த்தால், மாணவர் ஸ்ட்ரைக், மழைக்குக் கலெக்டர் விடும் லீவு, ஓணம், கலைவிழா, என்எஸ்எஸ் கேம்ப், ஆசிரியருக்குத் தேர்வுப் பணி, பேப்பர் திருத்தும் கேம்ப். நாங்கள் ஒரு பருவத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒரு பாடத்துக்கு 43 வந்தது. கெஸ்ட் லெக்சரர் நியமனம் தாமதமான இன்னொரு பாடத்தைச் சொல்லவே வேண்டாம்.

தீர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. பாடத்திட்டத்தை 60 மணிக்குப் போடாமல் 45 மணிக்குப் போடுங்கள். மீதி கிடைத்தால் லாபம். எந்த அலகு வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, எது படக்கூடாது என்று பருவத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் எப்போதும் கடைசி அலகுதான் வெட்டுப்படும், பயன்பாட்டுப் பகுதி அங்கேதான் இருக்கும்.

படி 6: விளைவு எட்டியதா என்ற கணக்கு

பலரும் பயப்படுவது இதற்குத்தான். கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு. பஞ்சாயத்து பட்ஜெட் விளைவை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கோடு போடுங்கள்: பாதி மார்க் எடுத்தால் எட்டியதாகக் கொள்வோம். வகுப்பில் 70 சதவீதம் பேர் எட்டினால் நிலை 3, 60 முதல் 70 வரை நிலை 2, 50 முதல் 60 வரை நிலை 1. இந்தக் கோடுகளைத் துறையே கூடித் தீர்மானிக்கலாம், ஆனால் முடிவு வருவதற்கு முன்னால்.

அகமதிப்பீட்டில் 48-இல் 29 பேர் எட்டினார்கள், 60.4 சதவீதம், நிலை 2. பல்கலைக்கழகம் நடத்தும் பருவத்தேர்வில், அதாவது புறமதிப்பீட்டில், 25 பேர், 52.1 சதவீதம், நிலை 1. அகத்துக்கு 30, புறத்துக்கு 70 என்று எடை வைத்தால் 0.6 கூட்டல் 0.7, அதாவது 1.3. இது நேரடி மதிப்பு. படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 3-க்கு 2.4 வந்தது. நேரடிக்கு 80, கருத்துக்கு 20 என்று கொண்டால் 1.04 கூட்டல் 0.48, மொத்தம் 1.52. இலக்கு 2 என்று வைத்திருந்தால் எட்டவில்லை.

பெரும்பாலான கல்லூரிகளில் இந்த 1.52-ஐ எழுதி, 'இலக்கை எட்ட நடவடிக்கை எடுக்கப்படும்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதை விடச் சுவாரசியமாகப் பட்டது 1.3-க்கும் 2.4-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. பிள்ளைகள் தங்களுக்கு வரும் என்று நம்புகிறார்கள், தாளில் வரவில்லை. ஏன்? எங்கள் விஷயத்தில் காரணம், பஞ்சாயத்தில் போய்ப் பார்த்ததை ஆங்கிலத்தில் பதினைந்து வரி எழுதப் பயிற்சி இல்லாதது. படி 3-இல் காலியாக இருந்த அந்த நிரல்.

ஒரு எச்சரிக்கை. பருவத்தேர்வு மார்க் இணைப்புக் கல்லூரிக்குப் பெரும்பாலும் மொத்தமாகத்தான் வரும், கேள்வி வாரியாக வராது. ஆகவே ஒரு பாடத்தின் எல்லா விளைவுக்கும் ஒரே புற எண்ணைப் போடுவோம். அந்த எண் எதையும் காட்டிக்கொடுக்காது. நோய் எங்கே என்று தெரிய அகமதிப்பீட்டு எக்செல்லை மட்டும் நம்புங்கள். அகமதிப்பீட்டில் தாராளமாக மார்க் அள்ளிப் போட்டிருந்தால் அதுவும் பயனில்லை, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 7: பிள்ளைகளைக் கேளுங்கள், ஆனால் பாதியிலேயே

பருவம் முடிந்து எடுக்கும் ஃபீட்பேக் அடுத்த வகுப்புக்குத்தான் உதவும், சொன்னவனுக்கு உதவாது. ஆறாவது வாரம் கேளுங்கள். பெயர் வேண்டாம், கால் தாள், மூன்று கேள்வி: எது புரிந்தது, எது புரியவில்லை, நாங்கள் எதை நிறுத்த வேண்டும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 'குட்', 'நைஸ்', 'வெரி குட் டீச்சிங்' என்று மூன்று வார்த்தைதான் கிடைக்கும். எங்களுக்கு வந்ததில் நினைவில் நிற்பது: 'போர்டுல எழுதுறத சீக்கிரம் அழிக்காதீங்க.' என்னைத்தான் சொல்லியிருந்தார்கள்.

படி 8: சக ஆசிரியர்கள்

தலைமை என்ற சொல்லுக்கு இங்கேதான் வேலை. துறைத்தலைவருக்கு யாரையும் நியமிக்கவோ நீக்கவோ சம்பளம் கூட்டவோ அதிகாரம் இல்லை. கையில் இருப்பது டைம்டேபிளும் ஒரு டீ மேசையும்தான்.

நான் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்செல் போட்ட உற்சாகத்தில், துறைக் கூட்டத்தில் ஆசிரியர் வாரியாகத் தேர்ச்சிக் கோட்டுப்படத்தைத் திரையில் போட்டேன். கெஸ்ட் லெக்சரராக இருந்த ஒரு டீச்சரின் கோடு அடியில் இருந்தது. யாரும் எடுக்க விரும்பாத கஷ்டமான தாளை அவர் தலையில் கட்டியது நாங்கள்தான் என்பதை அந்தக் கோடு காட்டவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க ஸ்டாஃப் ரூமுக்கே வரவில்லை, லைப்ரரியில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். அந்தப் 'பரவால்ல' இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் நாங்கள் கொண்ட முறை: எண்ணைத் தாள் வாரியாக மட்டும் பார்ப்பது, பெயர் வாரியாகப் பார்க்காமல் இருப்பது. கஷ்டமான தாளை மூத்தவர்கள் எடுப்பது. முதலில் நான் எடுத்தேன். இன்னொருவர் வகுப்பைப் போய்ப் பார்ப்பதற்கு முன், என் வகுப்பைப் பார்க்க இளையவர்களைக் கூப்பிட்டேன். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. அப்புறம் ஒருவர் வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் "சார், நீங்க கேள்வி கேட்டுட்டுப் பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க" என்றார். சரிதான்.

கூட்டம் மாதம் ஒன்று போதும், நாற்பது நிமிடம். ஒரே பொருள். மினிட்ஸை அங்கேயே, எல்லோர் முன்னாலும், ஐந்து வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பேனா மாற்ற வேண்டிய அவசியம் வராது.

படி 9: வெளியிலிருந்து ஒரு கண்

ஆண்டுக்கொரு முறை கல்வித் தணிக்கை. அதே பல்கலைக்கழகத்தின் பக்கத்துக் கல்லூரிக்காரரைக் கூப்பிட்டால், அவர் துறைக்கு நாளை நீங்கள் போக வேண்டியிருக்கும்; இருவரும் பாராட்டிக்கொண்டு பிரிவீர்கள். எல்லையோரத்தில் இருப்பதன் வசதி இங்கே கைகொடுக்கும். பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ ஒரு மணி சொச்சத்தில் வந்துவிடுவார்கள். வேறு பல்கலைக்கழகம், வேறு சிலபஸ், வேறு பழக்கம். எங்களுக்கு வந்த ஒருவர் வினாத்தாள் கட்டைப் புரட்டிவிட்டு, "பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே? எங்க பக்கம் விவசாயிங்க இதைத்தான் நாள் முழுக்கப் பேசுறாங்க" என்றார். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதலே செல்லும் என்று முன்தேதியிட்ட ஒப்பந்தம், மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, தண்ணீர் வருமா வராதா என்ற சண்டை. பற்றாக்குறை வளத்தைப் பங்கிடுவது பற்றி இதை விட நல்ல கேள்வி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அதைப் பார்க்காமல் இருந்தோம்.

தணிக்கைக்கு வருகிறவரிடம் ஃபைலைக் கொடுக்காதீர்கள். பத்து விடைத்தாள், இரண்டு வினாத்தாள், அரை மணி நேரம் பிள்ளைகளோடு தனியாகப் பேச ஒரு அறை. அவ்வளவு போதும்.

படி 10: ஃபைல்

மேலே சொன்னதெல்லாம் நடந்திருந்தால் ஃபைல் தானாகச் சேர்ந்திருக்கும். எக்செல், சொற்பட்டியல், மினிட்ஸ், கால் தாள் ஃபீட்பேக், தணிக்கையாளரின் இரண்டு பக்கம். இவற்றின் மேல் ஒரே ஒரு தாள் வையுங்கள், நான்கு நிரல்: என்ன கண்டோம், எதை வைத்துக் கண்டோம், என்ன மாற்றினோம், மாற்றிய பிறகு என்ன ஆனது. கடைசி நிரல் சில வரிகளில் 'பலனில்லை' என்று இருக்கட்டும். எல்லாமே வெற்றி என்று எழுதிய தாளைக் குழுவினர் நம்புவதில்லை, நிறையப் பார்த்தவர்கள். நாள், இடம் பதிந்த போட்டோ கேட்பார்கள். எடுத்து வையுங்கள், ஆனால் போட்டோவுக்காக நிகழ்ச்சி நடத்தாதீர்கள்.

கடைசிப் படி: கைமாற்றுக் குறிப்பு

இதை யாரும் செய்வதில்லை. டிரான்ஸ்ஃபர் ஆர்டரோ ஓய்வோ வந்ததும் சாவியையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார். இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். எந்தத் தாள் கஷ்டம், யார் எதை நன்றாக எடுப்பார், எந்த மாற்றம் பாதியில் நிற்கிறது, எது முயன்று தோற்றது.

நான் விட்டுவந்த குறிப்பில் பதினோரு வரிகள் இருந்தன. முதல் வரி, சொற்பட்டியலைப் புது வகுப்புக்கு ஜூலையிலேயே ஒட்டவும், கிழிந்திருக்கும். பத்தாவது, கஷ்டமான தாளைக் கெஸ்ட் தலையில் கட்ட வேண்டாம். கடைசி வரி: கோவிந்தாபுரம் பஸ் நேரம் மாறியிருக்கிறதாம், அகமதிப்பீட்டுக்குத் தேதி போடுமுன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.